ஆன் த வே மாமா

ஜனவரி 9

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே எனக்கும் உன் அக்காவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை; மனசுக்குத்தான் கொஞ்சம் சரியில்லை. அங்கே நீயும் உன் மனைவியும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முதுகுவலி குறைந்ததா?

செல்போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் தபாலில் வருகிறார் என்று நினைப்பாய். எங்கள் இருவருக்கும் சேர்த்து இருப்பது ஒரே செல்போன். அது உன் அக்காவின் பொறுப்பில் இருக்கிறது. போன மாதம் படம் எடுத்த நாளிலிருந்து, "அவன் வாசல்ல வந்து நிக்கிற வரைக்கும் இந்த வீட்டுலேருந்து யாரும் அவன்கூட போன்ல பேசக் கூடாது" என்று உத்தரவு. கடிதம் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. நான் முப்பத்தைந்து வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். கேள்வியில் இல்லாததை நானாகச் சேர்த்துக்கொள்வதில்லை.

அன்று நடந்ததையும் ஒரு கணக்காகவே சொல்கிறேன். உன் ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு பஸ்ஸில் நான்கு மணி நேரம். எங்கள் கல்யாணத்தின் நாற்பதாவது ஆண்டுக்குக் குடும்பமாக ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டோக்காரரைக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். ஒன்பது மணிக்கு உன்னைக் கேட்டால் ஆன் த வே. பதினொன்றுக்குக் கேட்டால் ஆன் த வே. ஒன்றரைக்கும் ஆன் த வே. நீ வந்து சேர்ந்தது ஆறு மணிக்கு. அப்படியானால் வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்பியிருப்பாய்? மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட விடை சொல்லிவிடும்.

போட்டோக்காரருக்கு அடுத்த வேலை காத்திருந்தது. உனக்காகப் போட்ட நாற்காலியை எடுத்துவிடலாமா என்று கேட்டார். உன் அக்கா விடவில்லை. "வர்றேன்னு சொல்லியிருக்கான்ல, இருக்கட்டும்" என்றாள். படம் இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் நான், அவள், மகள், மருமகன், பேரன், ஒரு காலி நாற்காலி. பார்க்கிறவர்கள் எல்லாரும் நாற்காலியைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். "அது எங்க ஆன் த வே மாமாவுக்கு" என்று என் மகள் சொன்ன பதிலையே நானும் சொல்லிவருகிறேன்.

வந்துகொண்டிருக்கிறேன் என்று தமிழில் பொய் சொல்ல உனக்கு நாக்கு கூசும் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் சொன்னால் அது யாரோ சொன்ன மாதிரி போய்விடுகிறது. முன்பெல்லாம் அந்த வசதியும் உனக்கு இருந்ததில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் போர்டில் முப்பத்திரண்டு வருஷம் பழகிய காது உன் அக்காவுடையது. ஆன் த வே என்று நீ சொன்னதும், "பின்னால ஃபேன் கிறீச்சிடுது. இன்னும் கட்டில்லதான் படுத்திருக்க. எந்திரி" என்பாள். நீயும் எழுந்து வருவாய். இப்போது அந்தப் பேச்சுகூட இல்லை. நேராகக் கோபம்தான்.

ஜூன் முதல் வாரத்தில் மகள் குடும்பம் மறுபடி வருகிறது. அதற்குள் ஒரு நாள் வந்து அக்கா முன்னால் நின்றுவிடு. அவளுக்குக் கூடப் பிறந்தது நீ ஒருவன். உனக்கும் அவள் ஒருத்திதான். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
அத்தான்


ஜனவரி 17

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். உறையில் உங்கள் முத்து முத்தான எழுத்தைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்துப் பயம் வந்துவிட்டது. இங்கே எல்லாரும் சௌக்கியம். முதுகுவலியும் சௌக்கியமாகத்தான் இருக்கிறது, என்னை விட்டுப் போகிற மாதிரி இல்லை. லிஃப்ட் மெக்கானிக்கின் பிழைப்பு அப்படி. ஊரில் இருப்பவர்களை எல்லாம் மேலே ஏற்றிவிடுகிறேன். நான் மட்டும் படியேறித்தான் மேலே போகிறேன். லிஃப்ட் ஓடுகிற கட்டடத்துக்கு என்னை யார் கூப்பிடுகிறார்கள்?

அன்று நடந்தது தப்புதான். காரணம் சொல்ல மாட்டேன். சொன்னால் அக்கா அதற்குச் சாக்கு என்று பெயர் வைப்பாள்.

வருகிற 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். இப்போதே ஆன் த வே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் முட்டிவலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன் என்று மட்டும் யாரோ சொன்ன மாதிரி சொல்லுங்கள்.

என்றும் உங்கள் அன்பை வேண்டும்,
மச்சான்


பிப்ரவரி 6

அன்புள்ள மச்சானுக்கு,

உன் வீட்டில் அனைவரும் நலமாக இருக்கட்டும். இங்கே என் உடல்நிலைக்குக் குறைவில்லை. உன் அக்காவின் முட்டிக்குத் தைலம் இன்னும் வந்து சேரவில்லை.

உன் கடிதத்தை நான் அவளிடம் காட்டவில்லை. அகராதிக்கு அடியில் தலைகீழாக வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் நேராக இருக்கிறது. 26ஆம் தேதி காலையில் தலையணைக்குப் புது உறை போட்டாள். "பழசு அழுக்காயிருச்சு" என்றாள். போட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மத்தியானம் மூன்று பேர் சாப்பிடுகிற அளவுக்குச் சமைத்தாள். சாயங்காலம் தலையணை உறையைக் கழற்றி மடித்து உள்ளே வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

அதற்குப் பிறகு கோபம் என்மேலும் திரும்பிவிட்டது. ஓர் உதாரணம் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை சாவி இல்லாமல் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்து காலிங் பெல்லை அழுத்துகிறேன், அழுத்துகிறேன். இருபத்தைந்து நிமிஷம். உள்ளே அவள் நடமாடுவது ஜன்னல் திரையில் தெரிகிறது. குப்பை கொட்ட வந்தபோதுதான் கதவைத் திறந்தாள். "இங்க என்ன நின்னுட்டிருக்கீங்க?" என்று கேட்டாள் பார், அந்த நடிப்புக்கு ஒரு பரிசு கொடுக்கலாம்.

இன்னோர் உதாரணம். நான் ஏதாவது பேச வாயெடுத்தால் டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறாள். மகள் போன் செய்தால், "அடுப்புல வேலை இருக்கு, நீங்களே பேசுங்க" என்று என் கையில் கொடுத்துவிடுகிறாள். அடுப்பு அணைந்திருக்கிறது. உன்மேல் உள்ள கோபத்தில் பெற்ற மகளோடுகூடப் பேசாமல் இருக்கிறாள் என்றால் பார்த்துக்கொள்.

ஆகவே நீ செய்தது நன்றாக இல்லை.

வருத்தத்தோடும் மாறாத அன்போடும்,
அத்தான்


பிப்ரவரி 25

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். இரண்டு வாரமாக உங்கள் கடிதத்தை டூல்ஸ் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அதனால்தான் இந்தத் தாளில் கிரீஸ். மன்னிக்கவும்.

26ஆம் தேதி நான் வந்தேன்.

ஒன்பதரை மணிக்கு உங்கள் தெருவில் நின்றேன். அக்கா முதல் மாடி பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். "அக்கா" என்று கூப்பிட்டேன். மூன்று தடவை கூப்பிட்டேன். எதிரே இருக்கும் சைக்கிள் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். நாய் திரும்பிப் பார்த்தது. நீங்கள் உள்ளே குளித்துக்கொண்டிருந்தீர்களோ என்னவோ. அக்கா கடைசித் துணியையும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கும் ஐம்பத்தெட்டு வயசாகிறது, அத்தான். நடுத்தெருவில் அப்படிச் செய்தால் எனக்கும் கொஞ்சம் வலிக்கும். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

சாக்கு சொல்ல மாட்டேன் என்றேன். இப்போது சொல்கிறேன். அக்கா படிக்கிறாள் என்று தெரிந்த பிறகு சொல்லாமல் இருப்பது சரியில்லை.

லிஃப்டில் ஒருவர் மாட்டிக்கொண்டால் அவருக்கு நான் முதலில் சொல்வது ஆன் த வே என்பதுதான். நாற்பது நிமிஷம் ஆகும் என்று உண்மையைச் சொன்னால் பயந்துபோய்க் கதவைப் பிரிக்கப் பார்ப்பார். இரண்டு மாடிக்கு நடுவில் கதவைப் பிரித்தால் ஆளே போய்விடுவார். ஆன் த வே என்று சொன்னால் மூச்சு நிதானமாகி, தரையில் உட்கார்ந்துவிடுவார். பிறகு நான் போய் மெயினை அணைப்பேன். அதற்கப்புறம்தான் கதவில் கை வைப்பேன். முப்பது வருஷமாக இதுதான் முறை.

படம் எடுத்த அன்று விடிகாலையில் பையோடு வாசலுக்கு வந்துவிட்டேன். போன் வந்தது. ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் ஓர் அம்மாவும் கைக்குழந்தையும். பிரேக் இறுகிவிட்டது. கையாலேயே சுற்றிச் சுற்றி இறக்க வேண்டியிருந்தது. வெளியே எடுக்கும்போது மணி பன்னிரண்டு. ஒன்றரைக்கு நீங்கள் கேட்டபோது வீட்டில் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

அவர்களிடமும் ஆன் த வே என்றுதான் சொன்னேன். உங்களிடமும் அதையேதான் சொன்னேன். அவர்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். நீங்கள் தட்டமாட்டீர்கள் என்ற தைரியம்தான், அத்தான்.

அக்காவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

மன்னிப்பை எதிர்பார்க்கும்,
மச்சான்


மார்ச் 12

அன்புள்ள மச்சானுக்கு,

நீயும் உன் மனைவியும், நீ இறக்கிவிட்ட அந்தக் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு லேசாகச் சளி. வேறொன்றுமில்லை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு அகராதிக்கு அடியில் வைத்துவிட்டு, வழக்கத்தைவிட மெதுவாகக் குளித்தேன். வெளியே வந்தபோது கடிதம் இருந்த இடத்தில் இருந்தது. ஆனால் இரண்டாவது பக்கம் மேலே இருந்தது.

அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் பால்கனியில் நாற்காலியைப் போட்டுத் தெருவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால், "காத்து வருது" என்கிறாள். நம் வீட்டுக்குக் காற்று சமையலறை ஜன்னல் வழியாகத்தான் வரும். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் வருகிறது.

அதே சமயம் என்மேல் உள்ள கோபமும் குறையவில்லை. குக்கர் ஒன்பது விசில் அடித்துப் புகை வந்தாலும் அடுப்பை அணைக்க மாட்டேன் என்கிறாள்; நான் ஓடிவந்து அணைக்க வேண்டும் என்று பிடிவாதம். மின்சாரக் கட்டணம் கட்டியாயிற்றா என்று கேட்டால் தண்ணீர் வந்துவிட்டது என்கிறாள். வேண்டுமென்றே கேள்வியை அலட்சியப்படுத்துவது இது. வகுப்பில் இப்படிப் பதில் சொன்ன எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன். போதாக்குறைக்கு, நான் எது சொன்னாலும், "என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க" என்கிறாள். நாற்பது வருஷம் குடும்பம் நடத்திய பிறகு என்னிடம் நேர்மையில்லை என்று சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது.

வீட்டில் இருக்க முடியாமல் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை தெருமுனை நூலகத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஆனால் அங்கே அதற்குக் கோபம் காரணமில்லை.

உன் அடுத்த கடிதம்தான் எனக்கு ஆறுதல்.

அன்புடன்,
அத்தான்


மார்ச் 20
(தெருமுனை நூலகம், காவலாளி மூலமாக)

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். சளி போயிற்றா? இந்தக் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அகராதிக்கு அடியில் வைக்கவே வைக்காதீர்கள்.

உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் நேற்று வரிசையாக வைத்துப் படித்தேன். பெல் அடித்தால் திறக்கவில்லை. டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறாள். குக்கர் ஒன்பது விசில். போனை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறாள். கேட்டது ஒன்று, சொல்வது ஒன்று. முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.

அத்தான், அக்காவுக்குக் கோபம் இல்லை. காது கேட்கவில்லை.

எனக்கு இது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். உங்கள் முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தீர்கள். ஆன் த வே என்று சொன்னால் பின்னால் கேட்கும் சத்தத்தை வைத்து நான் எங்கே இருக்கிறேன் என்று அக்கா சொல்லிவிடுவாள். ஒருமுறை நான் பல் தேய்த்துக்கொண்டே பேசியபோது எந்தப் பக்கத்துப் பல் என்று சொன்னாள். யோசித்துப் பார்க்கிறேன், இரண்டு வருஷமாக ஒருமுறைகூட என்னைக் கண்டுபிடிக்கவில்லை. பொய் சொல்றே என்று பொதுவாகத் திட்டிவிட்டு வைத்துவிடுகிறாள். எனக்கு வசதியாக இருந்தது. ஏன் என்று கேட்கவில்லை.

அன்றைக்கு பால்கனியில் முகத்தைத் திருப்பியதும் அப்படித்தான். மூன்று தடவை கூப்பிட்டேன் என்று நான் எழுதியதை அவள் படித்திருக்கிறாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் எந்தக் காற்றுக்கு அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று பாருங்கள்.

உங்களுக்கே நிச்சயமாகிற வரைக்கும் அவளிடம் எதுவும் கேட்காதீர்கள்.

பதற்றத்துடன்,
மச்சான்


ஏப்ரல் 2

அன்புள்ள மச்சானுக்கு,

நூலகத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உடம்பு நலம். இன்று மனசைப் பற்றி எழுத முடியவில்லை.

நீ சொன்னதை நான் நம்பவில்லை. எனவே சோதனை செய்து பார்த்தேன். அவள் அலமாரிக்கு முன்னால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பத்தடி பின்னால் நின்று, "நான் ஊரை விட்டுப் போறேன்" என்றேன். அவள் மடித்தாள். ஆறடி. "வீடு பத்தி எரியுது" என்றேன். அவள் மடித்தாள். மூன்றடிக்கு வந்து, "நீ சமைக்கிறதுல எனக்குப் பிடிக்காதது ஒண்ணு இருக்கு" என்றேன். நாற்பது வருஷத்தில் நான் துணியாத வாக்கியம். அவள் துண்டை நான்காக மடித்து மேலே வைத்தாள். அப்புறம் அலமாரிக் கண்ணாடியில் என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "என்ன முணுமுணுக்கிறீங்க, ஜபமா?" என்றாள். ஆமாம் என்றேன்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைச் சுருக்கும் பிள்ளையை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்து, முன் பெஞ்சுக்கு மாற்றி, கண்ணாடி போடச் சொல்லி அப்பாவுக்குச் சீட்டு எழுதுவேன். அப்படி எத்தனையோ சீட்டுகள். சொந்த வீட்டில் ஒருத்தி கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் அதற்குக் கோபம் என்று பெயர் வைத்தேன்.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர்களே அவளைப் போர்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். யார் மூச்சு விட்டாலும் யார் என்று சொல்வாள். அவளிடம் போய் உன் காது போய்விட்டது என்று நான் எந்த வாயால் சொல்வேன்? சொல்லாமல் விட்டாலோ மகளோடு பேசுவதையும் விட்டுவிட்டாள், கடைக்குப் போவதையும் குறைத்துக்கொண்டாள். இப்படியே ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே போகிறாள்.

நீ வா. எப்படியாவது வா.

அத்தான்


ஏப்ரல் 10
(நூலகக் காவலாளி மூலமாக)

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். தைரியமாக இருங்கள்.

வருகிறேன். எந்தத் தேதி என்று சொல்லவில்லை. வழக்கமாகச் சொல்லும் அந்த வார்த்தையையும் இந்தத் தடவை சொல்லவில்லை.

ஒரு சந்தேகம். உங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்குமான மெயின் ஸ்விட்ச் கீழே படிக்கட்டுக்கு அடியிலேயே இருக்கிறதா? பூட்டு போட்டிருக்கிறார்களா?

மச்சான்


ஏப்ரல் 15

அன்புள்ள மச்சானுக்கு,

நலமாக வந்து சேர். மெயின் ஸ்விட்ச் படிக்கட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. எங்களுடையது இடமிருந்து இரண்டாவது. பூட்டு இல்லை. இதை ஏன் கேட்கிறாய் என்று புரியவில்லை. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

குழப்பத்துடன்,
அத்தான்


மே 3

டேய்,

அக்கா எழுதுகிறேன். நீ, உன் மனைவி, உன் முதுகு மூன்று பேரும் நலம்தானே. நீ வாங்கி வந்த தைலம் நன்றாக இருக்கிறது. மூன்று மாதம் பையில் வைத்திருந்ததால் மூடி இறுகிவிட்டது.

22ஆம் தேதியைப் பற்றி உன் அத்தான் ஊரெல்லாம் ஒரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் அப்போது நூலகத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு என்ன தெரியும்? அதனால் நான் எழுதி வைக்கிறேன்.

டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். படம் நின்றது. ஃபேன் நின்றது. ஐந்து நிமிஷம் பொறுத்தேன். பால்கனியில் போய்ப் பார்த்தால் எதிர் சைக்கிள் கடையில் லைட் எரிகிறது. நம் வீட்டுக்கு மட்டும் என்ன வந்தது என்று திட்டிக்கொண்டே படி இறங்கினேன். கீழே படிக்கட்டுக்கு அடியில் நீ இரண்டாவது ஸ்விட்சில் கை வைத்துக்கொண்டு திருடன் மாதிரி நிற்கிறாய். பெல்லை அடித்துப் பார்த்துவிட்டு இதைச் செய்தாயா, அடிக்காமலே செய்தாயா என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கப் போவதுமில்லை.

நீ நேராக என் முகத்துக்கு எதிரே வந்து நின்றாய். கத்தவில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாய்.

"அக்கா, உனக்குக் காது கேக்கலை."

"உனக்கு யாருடா சொன்னது?"

"நீதான். ரெண்டு வருஷமா நான் எங்க இருக்கேன்னு நீ கண்டுபிடிக்கவே இல்லை."

மேலே வா, முதலில் ஃபேனைப் போடு என்று சொன்னேன். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும்.

உண்மையை எழுதிவிடுகிறேன். போனில் எல்லார் பேச்சும் எண்ணெயில் ஏதோ பொரிகிற மாதிரிதான் கேட்டது. மகள் பேசினாலும் அப்படித்தான். நீ பேசும்போது எனக்கு விளங்கிய ஒரே வார்த்தை ஆன் த வே. அதுவும் கேட்டு விளங்கவில்லை, மனப்பாடம் ஆகியிருந்தது. அதனால் அதையே பிடித்துக்கொண்டு கோபப்பட்டேன். உன் அத்தானும் கோபம் என்றே நம்பிக்கொண்டார். எனக்கும் அது வசதியாகிவிட்டது. வீட்டில் கோபக்காரிக்கு ஒரு மரியாதை இருக்கிறது. செவிடிக்கு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, பயமாக இருந்தது.

ஜனவரியில் நீ தெருவில் நின்று கூப்பிட்டதாக எழுதியிருந்தாய். எனக்குக் கேட்கவில்லை. உன்மேல் ஆணையாகக் கேட்கவில்லை. அதைப் படித்த அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் மற்றதையும் எழுத வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அது தப்பு. அன்று நீ தாமதமாக வந்ததைவிடப் பெரிய தப்பு.

நீ ஊருக்குப் போன மறுநாளே காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினாள் சோதனை செய்கிற பெண். முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், தானாகவே நிமிர்ந்து உட்கார்ந்தேன். பீப் என்று சத்தம் வந்தால் கையைத் தூக்கணும் என்று சொல்லியிருந்தாள். முதல் பீப் கேட்டதும், "வணக்கம், பெரிய ஆஸ்பத்திரி, யார் வேணும்?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் சிரித்துச் சிரித்து, சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

இரண்டு காதிலும் மெஷின் வைத்து ஒரு வாரம் ஆகிறது. உன் அத்தான் தனியாக இருக்கும்போது பாடுகிறார். இது எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. என் சமையலில் அவருக்குப் பிடிக்காதது ஒன்று உண்டாம், அதையும் அவர் வாயிலிருந்தே வாங்கிவிட்டேன். எது என்று மட்டும் இன்னும் சொல்ல மாட்டேன் என்கிறார்.

ஜூன் 7 சனிக்கிழமை மறுபடி படம் எடுக்கிறோம். காலை பத்து மணிக்கு.

அக்கா


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். உன் கடிதத்தை உன் தம்பி மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பீப் வந்த இடத்தில் இரண்டு பேரும் நிறுத்திவிட்டோம். அதற்கப்புறம் நெடுநேரம் கழித்துத்தான் மீதியைப் படித்தேன்.

பெல்லை அடித்தேன், அக்கா. நான்கு தடவை. நீ கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். கதவைத் தட்டுகிறவர் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று முப்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

7ஆம் தேதி பத்து மணிக்கு முன்னால் அங்கே இருப்பேன். இது சத்தியம்.

உன் தம்பி


ஜூன் 9

டேய்,

நேற்றுச் சாயங்காலம்தான் பஸ் ஏற்றிவிட்டோம், அதற்குள் நலம் விசாரிக்க என்ன இருக்கிறது? நன்றாக இரு.

போனிலேயே சொல்லியிருப்பேன். போனில் சொன்னால் இல்லவே இல்லை என்பாய். எழுத்தில் இருக்கட்டும்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான்தான் உனக்குப் போன் செய்தேன். மகளும் அத்தானும் ஆளுக்கொரு பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆன் த வே என்றாய். குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. ஆனால் பின்னால் குழாய் திறந்திருந்தது. வாளி முக்கால்வாசி நிரம்பியிருந்தது. நிரம்ப நிரம்பத் தண்ணீர்ச் சத்தம் மேலே ஏறும், எனக்குத் தெரியும். உன் மனைவி தூரத்திலிருந்து, "நீலச் சட்டையா, கட்டம் போட்டதா?" என்று கேட்டாள். நீ போனைக் கையால் பொத்தினாய். பொத்திய கை ஈரம்.

திட்டத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. இரண்டு வருஷத்துக்கப்புறம் உன் பொய் முழுசாக, அதற்குப் பின்னால் இருக்கும் வீட்டோடு சேர்த்து என் காதில் விழுந்தது. "சரிடா, பாத்து வா" என்று சொல்லி வைத்துவிட்டேன். என்ன சொல்றான் என்று மகள் கேட்டாள். வந்துட்டிருக்கான் என்றேன்.

அப்புறம் உள்ளே போய்க் கணக்குப் போட்டேன். உன் அத்தானைக் கேட்காமல் நானே போட்டேன். குளிக்க, சட்டை தேட, பஸ் பிடிக்க, நான்கு மணி நேரம் வர. போட்டோக்காரருக்குப் போன் செய்து பத்து மணிக்கு வேண்டாம், இரண்டரைக்கு வாங்க என்றேன். அவர் குரலே சொல்லிற்று, அவரும் அப்போதுதான் எழுந்திருக்கிறார். மற்றவர்களிடம் அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

நீ இரண்டு இருபத்தைந்துக்கு வந்தாய். போட்டோக்காரருக்கு முன்னாலேயே வந்துவிட்டான் என்று உன் அத்தான் வீடெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். நீயும் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பெருமையை வாங்கிக்கொண்டாய். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

புதுப் படம் நேற்று வந்துவிட்டது. நீ நீலச் சட்டையில் நன்றாக இருக்கிறாய். பழையதைக் கழற்றிவிடலாமா என்று அத்தான் கேட்டார். வேண்டாம் என்றேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கட்டும். வருகிறவர்கள் முதலில் காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்கட்டும். நான் அடுத்ததைக் காட்டுகிறேன்.

இனிமேல் ஆன் த வே என்று சொல்வதற்கு முன்னால் குழாயை மூடு.

அக்கா